ஜிலேபிக் கெண்டையின் இரையைக் கண்டறியும் முறை

தென்கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகளுக்கு உரிய மொசாம்பிக் திலாப்பியா 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று ஜிலேபிக் கெண்டை என்ற பெயரில் குளங்களிலும் ஏரிகளிலும் நிலைத்துவிட்டது. அது பாசியை மட்டும் மேய்கிறதா, மற்ற மீன்களின் முட்டைகளையும் விழுங்குகிறதா என்பதை வாய்ப்பேச்சால் தீர்க்க முடியாது. இரைப்பையைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

இம்மீன் பெரும்பாலும் பகலில் இரை தேடுவதால், நண்பகலுக்குப் பின் வீச்சு வலையால் பிடிப்பது நல்லது. இரவு முழுவதும் செவுள் வலையில் சிக்கிக் கிடந்த மீனின் வயிற்றில் செரிமானம் தொடர்ந்துகொண்டே இருப்பதால், மென்மையான இரை கரைந்துபோய் ஓடுள்ளவை மட்டுமே எஞ்சி, கணக்கு தவறிவிடும். பிடித்த மீனை உடனே கொன்று, நீளத்தையும் எடையையும் குறித்துக்கொண்டு, கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் வைத்து செரிமானத்தை நிறுத்திப் பதப்படுத்தும் 10 சதவீத ஃபார்மலின் கரைசலை வயிற்றுக்குள் ஊசியால் செலுத்த வேண்டும்.

அதற்கு முன் வாயைத் திறந்து பாருங்கள். பெண் மீன் தன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே அடைகாக்கும். அக்காலத்தில் அது ஏறக்குறைய எதுவும் உண்பதில்லை. ஆகவே அதன் வாயிலுள்ள முட்டைகளை இரை என்றும், வெறும் இரைப்பையை உணவுப் பஞ்சம் என்றும் எழுதிவிடக் கூடாது. இந்தத் தவறு மீனின் மேல் வீண்பழி சுமத்துவதாகும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வயிற்றை அறுத்தால், மெல்லிய குடல் சுருள் சுருளாகச் சுற்றிக் கிடக்கும். இழுக்காமல் பிரித்து அளந்தால் அது உடலைவிடப் பல மடங்கு நீளமாக இருக்கும். தாவரத்தையும் மட்கையும் (மட்கிய கழிவையும்) உண்ணும் மீனுக்கு அதுவே அடையாளம். எனினும் ஆய்வுக்கு இரைப்பையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ளதைச் சிறிது நீரில் கரைத்து, ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தால், பச்சை இழைகளும், படகு வடிவில் கண்ணாடிபோல் மின்னும் டயட்டம் என்னும் நுண்பாசியின் ஓடுகளும், மணல் கலந்த பழுப்பு மட்கும், சில வேளைகளில் பூச்சிப்புழுவின் தலை ஓடும் தென்படும்.

20 மீன்களில் 14-இன் இரைப்பையில் முட்டை இருந்தால் காணப்படும் விகிதம் 70 சதவீதம். ஆனால் ஒரே ஒரு முட்டை இருந்த மீனும் அக்கணக்கில் சேரும். எனவே ஒவ்வோர் இரையும் இரைப்பையில் எவ்வளவு இடத்தை நிரப்பியிருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் இட வேண்டும். குஞ்சுகள் விலங்கு மிதவைகளை (நீரில் மிதக்கும் நுண்விலங்குகளை) மிகுதியாக உண்பதாலும், வளர்ந்தவை பாசிக்கும் மட்குக்கும் மாறுவதாலும், நீள வாரியாகப் பிரித்தே அட்டவணை இடுங்கள். மீன் பிடித்த அதே நேரத்தில் குளத்து நீரையும் அடிச்சேற்றையும் தனித்தனிப் புட்டிகளில் எடுத்து வைத்தால், அது தேடித் தின்றது எது, அங்கு மலிந்திருந்ததால் தின்றது எது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.