உப்புக்காற்றில் சென்சார் மாட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தேவிபட்டினம் பக்கம் ஒரு ஐஸ் பிளான்ட்டில் இரண்டு தம்பிகள் அமோனியா லைனுக்குப் அழுத்தத்தை அளந்து அனுப்பும் பிரஷர் டிரான்ஸ்மிட்டர் ஒன்றைப் புதிதாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பிகள் இணையும் ஜங்ஷன் பாக்ஸின் தலையில் துளை போட்டு, கேபிளை இறுக்கிப் பிடித்துத் துளையை அடைக்கும் கிளாண்டைக் கேபிளைவிடப் பெரியதாகத் திருகி, இடைவெளியைக் கறுப்பு டேப்பால் சுற்றியிருந்தார்கள். மூன்று மாதத்துக்கு முன் அவர்களே மாட்டிய பாக்ஸும் பக்கத்தில் அதே கோலத்தில் இருந்தது. கேட்டதற்கு, "இப்போதைக்கு இது போதும்ணே, அப்புறம் மாத்திக்கலாம்" என்றார் ஒருவர். எட்டு வருடங்களுக்கு முன் நான் சொன்ன அதே வார்த்தை.

பிளஸ் மைனஸ் மாறுவது, பிஎன்பி வகைச் சென்சாரை என்பிஎன் வகைக்கான உள்ளீட்டு கார்டில் கொடுப்பது எல்லாம் முதல் நாளே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேபிளில் வரும் எண்ணை அப்படியே நம்புவது

தொண்டிக்குத் தெற்கே ஒரு வனாமி இறால் பண்ணை. குளத்தில் கரைந்த ஆக்சிஜனை அளக்க ஹார்ட் வசதியுள்ள, அதாவது அதே கம்பியில் அளவை டிஜிட்டலாகவும் அனுப்பும் ஸ்மார்ட் டிரான்ஸ்மிட்டர்தான் மாட்டினேன். ஆனால் அளவைக் கரண்டாகச் சொல்லும் 4–20 மில்லியாம்ப் சிக்னலை மட்டும், மோட்டார்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சிக்குக் கொடுத்துவிட்டு, ஓடுகிறது என்று கிளம்பிவிட்டேன். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கூடுதல் ஏரேட்டர்கள் ஓட வேண்டும் என்பது புரோகிராம்.

கார்த்திகை மாதம், விடிவதற்கு முன் பண்ணைக்காரர் போன் செய்தார். "இறால் எல்லாம் மேலே வந்து கரையோரம் ஒதுங்குது தம்பி." ராத்திரி முழுக்கப் பாசியும் சேர்ந்து மூச்சு விடுவதால், குளத்தில் ஆக்சிஜன் மிகவும் குறையும் நேரம் அதுதான். நான் போனபோது கண்ட்ரோல் ரூம் திரையில் 4.6. கை மீட்டரை இறக்கிப் பார்த்தால் 2.6. குளத்தங்கரையில் இருந்த டிரான்ஸ்மிட்டரின் சின்னத் திரையிலும் 2.6. சென்சார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. வழியில் எங்கோ 2 கூடியிருக்கிறது.

ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தேன். அடியில் தண்ணீர், டெர்மினல்களில் பச்சைக் களிம்பு, இரண்டுக்கும் நடுவே விரலில் ஒட்டும் உப்பு ஈரம். இரண்டு கம்பி லூப்பில் டிரான்ஸ்மிட்டர் இழுக்கும் கரண்ட்தான் அளவு. உப்பு ஈரம் குறுக்கே இன்னொரு பாதை போட்டுக் கொடுத்தால் அந்தக் கரண்டும் சேர்ந்தே பிஎல்சிக்குப் போகும். 0–20 மில்லிகிராம் ரேஞ்சில் 1 மில்லியாம்ப் என்பது 1.25 மில்லிகிராம். கசிந்தது 1.6 மில்லியாம்ப். கம்பி அறுந்திருந்தாலாவது கரண்ட் 3.6 மில்லியாம்புக்குக் கீழே விழுந்து அலாரம் அடித்திருக்கும். 4.6 என்பது யாரும் சந்தேகப்படாத எண். வெயில் ஏறி ஈரம் காய்ந்தால் கசிவும் குறைந்துவிடும், பகலில் சோதித்தால் பிடிபடாது.

அந்தக் குளம் போய்விட்டது. பண்ணைக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, செத்த இறாலை வலையில் அள்ளிக் கரையில் கொட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு இன்னும் ஆறவில்லை. உண்மையான எண் அதே இரண்டு கம்பியில் டிஜிட்டலாகவும் வந்துகொண்டிருந்தது. அதைப் படிக்க நான் எதையும் மாட்டவில்லை. ஹார்ட் படிக்கும் அனலாக் கார்டு போடுங்கள். டிஜிட்டல் மதிப்பையும் மில்லியாம்ப் மதிப்பையும் பிஎல்சியிலேயே ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தால் அலாரம் கொடுங்கள். கார்டுக்கு வழியில்லை என்றால், டிரான்ஸ்மிட்டர் முனையில் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு பிஎல்சி உள்ளீட்டைப் பாருங்கள். பூஜ்யம் வர வேண்டும். மிச்சம் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவும் கசிவு. இதை மழைக்காலத்தில், விடியற்காலையில் செய்யுங்கள்.

கேபிள் பாக்ஸுக்குள் அடிப்பக்கமாகத்தான் நுழைய வேண்டும். நுழைவதற்கு முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறட்டும், வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். கேபிளின் வெளி விட்டத்துக்குப் பொருந்தும் கிளாண்டு, சும்மா இருக்கும் துளைகளுக்கு அடைப்பான், வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டிருக்கின்றன. பவுடர் கோட்டிங் அடித்த இரும்புப் பாக்ஸ் இங்கே எத்தனை நாள் தாங்கும்?

ஐபி67 என்றால் உப்பும் தாங்கும் என நினைப்பது

தூசிக்கும் தண்ணீருக்கும்தான் அந்த எண். அரிப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

ஷீல்டை இரண்டு பக்கமும் எர்த் செய்வது

கேபிளுக்குள் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறைதான் ஷீல்டு. அதற்கு எர்த் பேனல் பக்கம் மட்டும்.

மோட்பஸில் அவசரம்

பல சென்சார்கள் ஒரே லைனில் பேசும் முறைதான் மோட்பஸ். புதுச் சென்சார்கள் பெரும்பாலும் ஒரே முகவரியோடுதான் வரும். ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு லைனில் சேருங்கள். கையேட்டில் 40001 என்றிருக்கும் ரெஜிஸ்டர் எண் பல பிஎல்சிகளில் 0. மோட்பஸ் ஓடும் ஆர்எஸ்-485 லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர், நடுவில் வேண்டாம்.

கட்டளை போனதும் வேலை முடிந்தது என எடுத்துக்கொள்வது

மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சான காண்டாக்டர் இழுத்தது என்றால் ஏரேட்டர் சுற்றுகிறது என்று அர்த்தமில்லை. வால்வுக்குத் திற என்று சொன்னால் உப்பு இறுகிய தண்டு பாதியில் நிற்கலாம். மோட்டார் கரண்ட் இழுக்கிறதா என்று பார்க்கும் கரண்ட் ரிலே, வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் பொசிஷன் ஃபீட்பேக் வாங்குங்கள். வால்வை இயக்கும் மின்காந்தச் சுருளான சோலனாய்டையும் சென்சாரையும் ஒரே 24 வோல்ட் சப்ளையில் போடாதீர்கள். கரண்ட் போனால் வால்வு திறந்து நிற்க வேண்டுமா, மூடி நிற்க வேண்டுமா என்று வாங்கும் முன்பே பண்ணைக்காரரிடமோ பிளான்ட் ஆபரேட்டரிடமோ உட்கார்ந்து பேசுங்கள்.

இடி

மின்னலால் வரும் திடீர் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் இல்லாமல் ஐப்பசிக்குள் நுழையாதீர்கள்.

ஐஸ் பிளான்ட்டில் அன்று கம்ப்ரசர் நின்றிருந்தது. மூன்று மாதப் பாக்ஸின் கம்பியைக் கழற்றச் சொன்னேன். பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் 0.3 மில்லியாம்ப். தம்பிகள் இருவரும் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஒருவர் டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தார், இன்னொருவர் கிளாண்டு வாங்க ராமநாதபுரத்துக்கு வண்டியை எடுத்தார்.