கடிதக் கட்டைப் பிரிக்கும் முன்

பழைய கடிதக் கட்டு ஒன்று கைக்கு வந்ததும் நாம் செய்யத் துடிக்கும் முதல் வேலை, கயிற்றை அவிழ்த்துக் கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்குவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எந்தக் கடிதத்தோடு எந்தப் புகைப்படம் கிடந்தது, எந்த ரசீது எதன் மடிப்புக்குள் செருகப்பட்டிருந்தது என்பதெல்லாம், சேர்த்துவைத்தவர் எதை எதனோடு தொடர்புபடுத்தி நினைத்தார் என்பதற்குச் சான்று. ஒருமுறை கலைந்துவிட்டால் அதை மீட்க முடியாது. கட்டு இருக்கும் நிலையிலேயே படம் எடுத்து, அதே வரிசையில் எண்ணிட்டு, பதிவேட்டில் குறித்த பின்னரே பிரிக்க வேண்டும். காலி உறைகளையும் எறியக்கூடாது. கடிதத்தில் தேதி இல்லாதபோது அஞ்சல் முத்திரை அதைச் சொல்லும். அனுப்பியவர் வீடு மாறியதை முகவரி காட்டிக்கொடுக்கும்.

முக்கியமானது எது என்று முன்கூட்டியே தீர்மானிப்பதும் ஆபத்து. பிரிட்டனில் 1937 இல் தொடங்கிய மாஸ் அப்சர்வேஷன் திட்டம், அவ்வாண்டு மே 12 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா நடந்தபோது, சாதாரண மக்கள் அந்த நாளை எப்படிக் கழித்தார்கள் என்பதைத் தன்னார்வலர்களைக் கொண்டு எழுதி வாங்கியது. கடன் குறித்த துண்டுச்சீட்டு, பள்ளி மதிப்பெண் அட்டை, தைத்துத் தைத்து அணிந்த சட்டை ஆகியவற்றையும், சாதாரணமானதும் சான்றுதான் என்ற அதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

தாள் காத்திருக்கும், மனிதர் காத்திருக்கமாட்டார் என்பதால், பொருள்களைத் துடைத்து அடுக்குவதற்கு முன்பே அவற்றை அறிந்த முதியவர்களிடம் பேசிவிடுங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். பழைய சாவி ஒன்றை அவர் கையில் கொடுத்து, அது எந்தக் கதவுக்கு உரியது, அந்தக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது எது, இரவில் அதைப் பூட்டும் பொறுப்பு யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். வீட்டின் அமைப்பும் அதிகாரமும் பயமும் தாமாகவே வெளிவரும். அவர் பேச்சை நிறுத்தியவுடன் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடாமல் சற்றுப் பொறுங்கள், ஏனெனில் பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் சொல்லத் தயங்கியது வரும். உரையாடலை ஒலிப்பதிவு செய்யும்போது, பதிவின் தொடக்கத்திலேயே பெயர், நாள், இடம் ஆகியவற்றைக் குரலில் சொல்லி, இயன்றால் ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் (WAV) கோப்பு வடிவத்தில் சேமியுங்கள். பதிவை யார் கேட்கலாம், பெயரை வெளியிடலாமா என்பதற்கு எழுத்துவழி ஒப்புதல் பெறுவதும் அவசியம்.

தாளைக் கெடுப்பவை பெரும்பாலும் நாம் அக்கறையோடு செய்பவையே. செலோடேப்பின் பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும். லேமினேஷனைப் பின்னர் பிரித்தெடுக்க வழியில்லை. குண்டூசியும் கிளிப்பும் துருப்பிடித்துக் கறையேற்றும். பிவிசி என்னும் பிளாஸ்டிக்கால் ஆன உறைகளைத் தவிர்த்து, அமிலமற்ற தாள் உறைகளையோ பாலியெஸ்டர் உறைகளையோ பயன்படுத்த வேண்டும். செய்தித்தாள் நறுக்குகளின் அமிலம் அருகிலுள்ள தாளையும் பழுப்பாக்கும் என்பதால் அவற்றைத் தனியே வையுங்கள். நான் ஒருமுறை குடும்பப் புகைப்படத்தின் பின்புறம் பால்பாயின்ட் பேனாவால் பெயர்களை அழுத்தி எழுதினேன். சில எழுத்துகள் முன்பக்கத்தில் ஒருவரின் கன்னத்தில் மேடாகத் தெரிகின்றன. மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதினால் போதும். பெட்டியைப் பரணிலோ ஈரச் சுவரோரத்திலோ வைக்காமல், வெயில் படாத உள்ளறை அலமாரியில் வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும்.

ஸ்கேன் செய்யும்போது கடிதத்தின் இரு பக்கங்களையும் உறையையும் சேர்த்தே எடுக்க வேண்டும். புகைப்படங்களுக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) நல்ல அளவு. கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் இருக்கட்டும். ஒன்று வேறொரு கட்டடத்தில் இருக்கட்டும்.

கடிதத்தாள் பெற்றவருக்குச் சொந்தமானாலும், அதிலுள்ள வாசகங்களின் பதிப்புரிமை பொதுவாக எழுதியவருக்கோ அவர் வாரிசுகளுக்கோ உரியது. வெளியிடுவதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள். நூலகத்திடமோ ஆவணக் காப்பகத்திடமோ தொகுப்பை ஒப்படைக்கும்போது, எவற்றை எத்தனை ஆண்டுகள் பிறர் பார்வைக்குத் தராமல் மூடி வைக்க வேண்டும் என்பதை எழுதிக் கையொப்பமிட்டு, பதிவேட்டின் ஒரு பிரதியையும் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்புங்கள்.