விட்டுவிட்டு வரும் இணையத்தில் போஸ்ட்ஃபிக்ஸை ஓட வைப்பது எப்படி?

லினக்ஸ் போன்ற கணினிகளில் மெயிலை அனுப்பும் சர்வர் மென்பொருள்தான் போஸ்ட்ஃபிக்ஸ். காலையில் அனுப்பிய மெயில் மதியம் வரை அதன் கியூவிலேயே (அனுப்பக் காத்திருக்கும் வரிசையிலேயே) கிடக்கிறது. நடுவில் இருபது நிமிடம் நெட் நன்றாக வந்து போனது, ஆனாலும் மெயில் போகவில்லை. ஏன்?

போஸ்ட்ஃபிக்ஸ் கடிகாரத்தைப் பார்த்துத்தான் மறுபடி முயலும். நெட் வந்ததா என்று பார்ப்பதில்லை. முதல் முயற்சி தோற்றால் மெயில் ‘டிஃபர்டு’ (தள்ளிவைக்கப்பட்ட) கியூவுக்குப் போகும். அடுத்த முயற்சிக்கான இடைவெளி இயல்பாகக் குறைந்தது 300 நொடி, அதிகபட்சம் 4000 நொடி. மெயில் கிடக்கக் கிடக்க இடைவெளியும் நீளும். பல மணி நேரமாகக் காத்திருக்கும் மெயிலுக்குச் சுமார் 67 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வாய்ப்பு. இருபது நிமிட நெட் அதற்குள் வந்து போய்விடும்.

இடைவெளியை ஒரு நிமிடமாகக் குறைக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நெட் இல்லாதபோது கியூ முழுவதும் வீணாக முட்டிக்கொண்டிருக்கும். நெட் வந்ததும் நாமே கியூவைத் தள்ளிவிடுவதுதான், அதாவது காத்திருக்கும் மெயிலை எல்லாம் உடனே அனுப்பச் சொல்வதுதான், சரியான வழி.

போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பு மாற்றங்கள் எல்லாம் அதன் ‘மெயின்.சிஎஃப்’ கோப்பில்தான். கீழே வரும் அமைப்புப் பெயர்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு எழுதுங்கள்.

படி 1: எல்லா மெயிலையும் ஒரே சர்வருக்கு அனுப்புங்கள்

‘ரிலேஹோஸ்ட்’ அமைப்பில், எப்போதும் நெட்டில் இருக்கும் ஒரு சர்வரின் பெயரைக் கொடுங்கள். நம் மெயிலை வாங்கி மேலே அனுப்பும் இந்த சர்வர்தான் ரிலே. பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் எம்எக்ஸ் தேடல் (மெயில் வாங்கும் சர்வர் எது என்ற தேடல்) மிச்சம். பிறகு முக்காற்புள்ளி, போர்ட் 587. பெறுநரின் சர்வர் மெதுவாக இருந்தாலும் மறுத்தாலும் மறுபடி முயல்வது இனி அந்த ரிலேயின் பொறுப்பு. கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் மெயிலைக் கைமாற்றிவிட்டால் நம் வேலை முடிந்தது.

படி 2: தானாக அனுப்புவதை நிறுத்துங்கள்

‘டிஃபர் டிரான்ஸ்போர்ட்ஸ்’ என்பதற்கு ‘எஸ்எம்டிபி’ (மெயிலை வெளி சர்வருக்கு அனுப்பும் முறை) என்று மதிப்புக் கொடுத்து, போஸ்ட்ஃபிக்ஸை ரீலோடு செய்யுங்கள். இனி நாம் சொல்லும்வரை எந்த மெயிலும் வெளியே கிளம்பாது.

படி 3: நெட் வந்ததும் கியூவைத் தள்ளுங்கள்

முக்கியமான படி இதுதான். கியூவைத் தள்ளும் கட்டளை ‘போஸ்ட்கியூ’. கூடவே ‘எஃப்’ விருப்பம். லினக்ஸில் நெட் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் இருந்தால், அதன் ‘டிஸ்பேட்சர்.டி’ அடைவில் இந்தக் கட்டளையை ஓட்டும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் வையுங்கள். இணைப்பு மாறும்போதெல்லாம் நெட்வொர்க்மேனேஜர் அதை ஓட்டும். ஸ்கிரிப்ட் ரூட்டுக்கு (கணினி நிர்வாகிக்கு)ச் சொந்தமாக, இயக்க அனுமதியோடு, வேறு யாரும் திருத்த முடியாதபடி இருக்க வேண்டும்.

இணைப்பு வந்ததைச் சொல்லும் ‘அப்’ என்ற நிகழ்வை மட்டும் நம்பாதீர்கள். வைஃபை இணைந்தே இருக்கும், ரவுட்டருக்கு அப்பால் நெட் இருக்காது. ‘கனெக்டிவிட்டி சேஞ்ச்’ நிகழ்வு வந்து, நிலை ‘ஃபுல்’ என்று இருந்தால் மட்டும் கட்டளையை ஓட்டுங்கள். இதற்கு நெட்வொர்க்மேனேஜரின் இணைப்புச் சோதனை இயங்க வேண்டும்.

டெபியன் வகை லினக்ஸில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே பல பதிப்புகளில் எஸ்எம்டிபி நிரல் தனிச் சிறைக்குள் (தன் அடைவுக்கு வெளியே உள்ள கோப்புகளைப் பார்க்க முடியாத ‘குரூட்’டில்) ஓடுகிறது. அப்போது, டிஎன்எஸ் (சர்வர் பெயருக்கு முகவரி தேடும் சேவை) விவரம் அடங்கிய ‘ரிசால்வ்.கான்ஃப்’ கோப்பின் பிரதியைத்தான் பார்க்கிறது. நெட்வொர்க் மாறியபின் பழைய பிரதி இருந்தால் பெயர் தேடலே தோற்கும். புதிய கோப்பை நகலெடுத்துவிட்டுத் தள்ளுங்கள்.

ஒரு தள்ளல் பாதியில் நின்றால், அடுத்த தள்ளல் வரை மீதி மெயில் அப்படியே கிடக்கும். நெட் இருக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தள்ளும் கிரான் வேலையும் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) ஒன்று போட்டுவையுங்கள்.

படி 4: பெரிய மெயிலைத் தடுங்கள்

போஸ்ட்ஃபிக்ஸில் பாதி அனுப்பியதை விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை. எட்டு எம்பி மெயில் ஏழாவது எம்பியில் அறுந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான். ஒரு மெயிலின் உச்ச அளவான ‘மெசேஜ் சைஸ் லிமிட்’ இயல்பாக 1,02,40,000 பைட். உங்கள் லைனுக்கு ஏற்பக் குறையுங்கள். ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் எத்தனை மெயில் அனுப்பலாம் என்பதைச் சொல்லும் ‘எஸ்எம்டிபி டெஸ்டினேஷன் கன்கரன்சி லிமிட்’ 20-லிருந்து 2 ஆகட்டும்.

படி 5: கால வரம்புகள்

‘மேக்சிமல் கியூ லைஃப்டைம்’ இயல்பாக 5 நாள்; அதற்குள் போகாத மெயில் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். நெட் அதைவிட நீண்ட நாள் இல்லாமல் போகும் இடமென்றால் 10 நாள் ஆக்குங்கள். ‘டிலே வார்னிங் டைம்’ வைத்தால், மெயில் இன்னும் போகவில்லை என்று அனுப்பியவருக்குத் தகவல் போகும்.

மெயில் போன பிறகு பதிலுக்குக் காத்திருக்கும் நேரமான ‘எஸ்எம்டிபி டேட்டா டன் டைம்அவுட்’ மட்டும் 600 நொடியாகவே இருக்கட்டும். மெயில் முழுதும் போய், ‘பெற்றேன்’ என்ற பதில் வருவதற்குள் நாம் துண்டித்துக்கொண்டால், மறுபடி அனுப்புவோம். பெறுநருக்கு ஒரே மெயில் இரண்டு முறை போகும். 1988-லேயே ஆர்எஃப்சி 1047 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதை எச்சரித்திருக்கிறது.

படி 6: சோதனை

கேபிளைக் கழற்றி, வெளி முகவரி ஒன்றுக்கு மெயில் அனுப்புங்கள். ‘மெயில்கியூ’ கட்டளையில் அது தெரிய வேண்டும். கேபிளை மாட்டி மெயில் லாகைப் (பதிவுக் கோப்பைப்) பாருங்கள்: ‘ஸ்டேட்டஸ்=சென்ட்’ என்று வந்தால் மெயில் ரிலேயிடம் போய்விட்டது. ‘சென்ட்’ என்று வராவிட்டால், அந்த மெயிலின் ‘ஸ்டேட்டஸ்’ வரியின் கடைசியில் அடைப்புக்குள் காரணம் இருக்கும்.