வடக்கு மாசியில் ஒரு ஃபயர்பால்: பார்வையில்லாத மந்திரவாதி குறிவைப்பது எப்படி?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதையாக ஆடும் மேசை ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்து, "என் கேரக்டர் மந்திரவாதி, அவளுக்குப் பார்வை கிடையாது" என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலான டிஎம்கள் (ஆட்டத்தின் கதையை நடத்துபவர்கள்) இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "மந்திரம் போடவே முடியாதே, வேற எதாவது எடுங்க" என்பார்கள். இல்லாவிட்டால் ஞானக்கண் மாதிரி ஒன்றை முதல் நாளே சும்மா தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் அந்தக் கேரக்டர் பேருக்குத்தான் பார்வையில்லாதவள். ஆட்டத்தில் மற்ற எல்லோரையும்விட நன்றாகப் பார்ப்பாள். இரண்டுமே தேவையில்லை. விதிப்புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி வைத்துக்கொண்டே இந்தக் கேரக்டரை ஆடலாம், நன்றாகவே ஆடலாம்.

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. மதுரை திருநகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டம் நடக்கும். தம்பிதான் டிஎம். பெரியம்மா மகன் ஃபைட்டர் (போர்வீரர்), தம்பியின் கூட்டாளிகள் இரண்டு பேர் கிளெரிக்கும் (குணப்படுத்தும் பூசாரி) ரோகும் (பதுங்கித் தாக்குபவர்). நான் விசார்ட், அதாவது மந்திரவாதி. சமணர் மலையில் உள்ள பேச்சிப்பள்ளத்தை மனதில் வைத்துத் தம்பி ஒரு குகை வரைந்தான். அங்கிருந்து என் கேரக்டருக்குப் பேச்சி என்று பெயர் எடுத்துக்கொண்டேன். கீழே சொல்வது 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளை வைத்து.

ஆட்டம் தொடங்குமுன் டிஎம்மிடம் ஒன்றைப் பேசி முடித்துவிடுங்கள். லெஸ்ஸர் ரெஸ்டோரேஷன் என்ற இரண்டாம் நிலை மந்திரம் 'பிளைண்டட்', அதாவது பார்வையற்ற நிலையை நீக்கும். கேரக்டர்கள் மூன்றாம் நிலைக்கு வளர்ந்ததும் கிளெரிக் நல்ல மனதோடு உங்கள் கேரக்டரைக் 'குணப்படுத்த' வந்து நிற்பார். பேச்சிக்கு அது வேண்டாம் என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். பிறவியிலேயே அப்படித்தான் என்றால் அது எடுத்துப் போடவேண்டிய சாபமும் இல்லை, நோயும் இல்லை. தம்பி சரி என்றான், விஷயம் அதோடு முடிந்தது.

இப்போது விதிக்கு வருவோம். பிளைண்டட் நிலையில் மூன்று பாதகங்கள். பார்வை தேவைப்படும் சோதனைகள் தானாகவே தோற்கும். நீங்கள் தாக்கினால் உங்களுக்கு டிஸ்அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுக்கவேண்டும். உங்களைத் தாக்குபவர்களுக்கு அட்வான்டேஜ், அதாவது பெரியதை எடுப்பார்கள். அவ்வளவுதான். மந்திரம் போட முடியாது என்று எங்கேயும் எழுதவில்லை. பொதுவாக மந்திரத்துக்கு விதி கேட்பது, இலக்குக்கும் உங்களுக்கும் நடுவே முழுத் தடை இல்லாத வழி. பார்வை வேண்டுமா வேண்டாமா என்பது அந்தந்த மந்திரத்தின் விவரத்தில் தனியாக இருக்கும். அதனால் ஒரு மந்திரத்தை எடுக்குமுன் அதன் விவரத்தில் ஒரே ஒரு தொடரைத் தேடுங்கள்: "நீங்கள் பார்க்கக்கூடிய" (you can see). அது இருந்தால் உங்களுக்கு ஆகாது. இல்லையென்றால் ஆகும்.

இப்படித் தேடினால் பல ஆச்சரியங்கள் உண்டு. குறியே தப்பாது என்று பெயரெடுத்த மேஜிக் மிஸ்ஸைல் ஆகாது. பார்க்கக்கூடிய ஆள்மேல்தான் அது போகும். சேக்ரட் ஃபிளேம், ஹோல்ட் பெர்சன், ஹீலிங் வேர்ட், மிஸ்டி ஸ்டெப் எல்லாம் அதே கதை. கவுன்டர்ஸ்பெல்லும் போயிற்று, ஏனென்றால் எதிரி மந்திரம் போடுவதைப் பார்த்தால்தான் தடுக்கலாம். ஆனால் ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரம் ஆகும்! 150 அடிக்குள் நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு புள்ளி, அவ்வளவுதான் கேட்கிறது. ஷேட்டர், வெப், ஸ்லீப் மூன்றும் புள்ளிதான். பர்னிங் ஹேண்ட்ஸ், தண்டர்வேவ் இரண்டும் உங்களிடமிருந்தே கிளம்புகின்றன. கியூர் வூண்ட்ஸ் தொட்டுச் செய்வது. பிளெஸ் மூன்று பேரைக் கேட்கிறது, அவர்களைப் பார்க்கச் சொல்லவில்லை. அதற்கு எதிரான பேன் (Bane) என்ற மந்திரம் ஆட்களைப் பார்க்கச் சொல்கிறது.

ஃபயர் போல்ட் மாதிரி பகடை உருட்டி அடிக்கும் மந்திரங்களுக்கும் பார்வை கட்டாயமில்லை, ஆனால் விலை அதிகம். முதல் நிலை விசார்டுக்குத் தாக்குதலில் +5 என்று வையுங்கள். எதிரே கவச எண் 15 உள்ள ஒரு கோப்ளின் (குட்டி அரக்கன்), உங்கள் மொத்தம் அந்த 15-ஐ எட்டவேண்டும். 20 முகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழவேண்டும். நூற்றுக்கு 55 வாய்ப்பு. டிஸ்அட்வான்டேஜ் என்றால் இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுக்கவேண்டும், வாய்ப்பு 30-க்கு இறங்கிவிடும். நீங்கள் உருட்டாமல் எதிரி தப்பிக்கப் பகடை உருட்டுகிற, அதாவது சேவ் போடுகிற மந்திரத்தில் இந்த நஷ்டம் துளிகூடக் கிடையாது. பர்னிங் ஹேண்ட்ஸ் உங்களுக்குப் பார்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே சூட்டில்தான் எரியும், சேவ் வென்றவனுக்கும் பாதி காயம் உண்டு. ஆகவே மந்திரப் புத்தகத்தைப் பெரும்பாலும் சேவ் மந்திரங்களால் நிரப்புங்கள்.

சரி, புள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம். எந்தப் புள்ளி? எல்லாம் இங்கேதான் இருக்கிறது, பல குழுக்கள் தடுமாறுவதும் இங்கேதான்.

ஒளிந்துகொள்ளாத எதிரி எங்கே இருக்கிறான் என்பது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அவன் போடும் சத்தத்தில் தெரியும். ஐந்தாம் பதிப்பு அப்படித்தான் வைத்திருக்கிறது. ஒளிய வேண்டுமானால் அவன் தன் முறையில் அதற்கென்று முயன்று, ஸ்டெல்த் (பதுங்கும் திறன்) உருட்டி, உங்கள் பெர்செப்ஷனை (கவனிக்கும் திறன்) வெல்லவேண்டும். காதால் கேட்கும் பெர்செப்ஷனுக்குப் பிளைண்டட் நிலை குறுக்கே வராது. டிஎம் இதை மறந்து "உனக்குத் தெரியாது" என்று சொன்னால் மரியாதையாக, ஆனால் விடாமல் நினைவூட்டுங்கள்.

அடுத்தது, அந்தத் தகவல் உங்கள் காதுக்கு எப்படி வந்து சேர்கிறது என்பது. எங்கள் மேசையிலும் கட்டம் போட்ட தாள் உண்டு, பொம்மைகள் உண்டு. அவை எனக்குப் பயன்படாது. "இங்க ஒருத்தன், அங்க ரெண்டு பேர்" என்று விரல் காட்டிப் பேசினாலும் பயனில்லை. நான் பிரம்பு பிடித்து நடக்கக் கற்றபோது கடிகார முறையை, அதாவது 2 மணிப் பக்கம், 10 மணிப் பக்கம் என்று சொல்வதைப் பழகினேன். ஆனால் அதற்கு முகம் ஒரு திசையில் இருக்கவேண்டும். இந்த ஆட்டத்தில் கேரக்டர் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்ற கணக்கே கிடையாது. அதனால் மதுரைக்காரர்களுக்குக் கைவந்த முறைக்குப் போனோம்.

மீனாட்சி கோயிலைச் சுற்றி ஆடி வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் பழைய கோட்டைச் சுவர் இருந்த இடத்தில் வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் வடக்கு, தெற்கு, கீழ (கிழக்கு), மேல (மேற்கு) என்று நான்கு பக்கம். எங்கள் ஆட்டத்தில் பேச்சி எங்கே நின்றாலும் அதுதான் கோயில். ஆடி என்றால் 5 அடி, தொடும் தூரம். சித்திரை 30 அடி. ஆவணி மூலம் 60. மாசி 120. அதற்கு மேல் வெளி. ஐந்தாம் பதிப்பு மந்திரங்களின் தூரங்கள் பெரும்பாலும் இந்த எண்களில்தான் நிற்கின்றன என்பதால் முறை அப்படியே பொருந்திவிட்டது. பிளெஸ் சித்திரை வரை, ஷேட்டர் ஆவணி மூலம் வரை, ஃபயர் போல்ட் மாசி வரை, ஃபயர்பால் மாசியையும் தாண்டி. மூலைக்கும் பெயர் தயார்: "மேல மாசி, வடக்கு மாசி முக்கு" என்றால் வடமேற்கே 120 அடி என்று மேசையில் எல்லோருக்கும் தெரியும். நடுவே விழுந்தால் "சித்திரைக்கும் ஆவணி மூலத்துக்கும் நடுவுல" என்று சொன்னால் போதும்.

பேச்சிப்பள்ளக் குகையில் நடந்த சண்டையைச் சொன்னால் புரியும். தம்பி சொன்னான்: "கீழ ஆவணி மூலத்துல மூணு குரல், நெருக்கமா. தெற்குச் சித்திரையில ஒருத்தன் ஈரத் தரையில வழுக்கிக் கால் ஊணுறான்." நான் கேட்டேன்: "சுவர் எங்க?" பிரம்பால் தரையைத் தட்டச் சொன்னான். தட்டினேன். "வடக்கே கிட்டத்துலயே திரும்பி வருது. கிழக்கே சத்தம் போயிக்கிட்டே இருக்கு." அப்படியானால் கிழக்கே திறந்த வெளி. அடுத்து ஃபைட்டரிடம், "அண்ணே, நீங்க எங்க?" அண்ணன் தன் முறையிலேயே சொல்லியிருந்தார், கீழச் சித்திரை. மூன்று குரலுக்கு நடுவில் ஃபயர்பாலைப் போட்டால் எல்லாப் பக்கமும் 20 அடிக்குப் பரவும். அண்ணன் 30 அடியில், குரல்கள் 60 அடியில். பத்து அடி மிச்சம். ஆறுமுகப் பகடை எட்டையும் உருட்டினேன்.

சுவரைப் பற்றி ஏன் கேட்டேன் என்பதைச் சொல்லவேண்டும். பார்வையில்லாத மந்திரவாதிக்கு விதிப்புத்தகத்தில் மிக ஆபத்தான வரி அதுதான். பார்க்க முடியாத ஒரு புள்ளியில் பரவும் மந்திரத்தைப் போடுகிறீர்கள், இடையில் சுவர் மாதிரி தடை இருக்கிறது என்றால், மந்திரம் தடைக்கு இந்தப் பக்கமே வெடிக்கும். 60 அடியில் என்று நினைத்துப் போட்ட ஃபயர்பால் 15 அடியில் உள்ள பாறையில் பட்டு உங்களையும் சேர்த்துப் பொசுக்கிவிடும். ஆகவே எந்த அறைக்குள் போனாலும் முதலில் பிரம்பைத் தட்டுங்கள், அல்லது கையைத் தட்டுங்கள். இது மாயம் இல்லை. திருமலை நாயக்கர் மகாலில் தூண்களுக்கு நடுவே நின்று ஒரு தடவை கைதட்டிப் பார்த்தால் கூரை எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் முற்றம் திறந்திருக்கிறது என்று காது சொல்லிவிடும்.

டிஎம்களுக்கு ஒரு வேண்டுகோள். சத்தத்தை வைத்துத் திசையைச் சொல்வது சுலபம், தூரத்தைச் சொல்வது கஷ்டம். நிஜத்திலும் அப்படித்தான். அதனால் திசையைத் தெளிவாகக் கொடுங்கள். தூரத்தில் வேண்டுமானால் கொஞ்சம் மங்கல் வையுங்கள், வீதிக் கணக்கில் சொன்னாலே அந்த மங்கல் தானாக வந்துவிடும். மழை, அருவி, கூட்டத்தின் இரைச்சல் இருந்தால் கஷ்டத்தைக் கூட்டுங்கள். அது நியாயம். காரணமில்லாமல் மூடி மறைக்காதீர்கள்.

கூட ஆடுபவர்களுக்கும் வேலை உண்டு. தன் முறையில் நாலு வார்த்தை பேசச் செலவில்லை. முறை முடியும்போது ஒவ்வொருவரும் தன் இடத்தைச் சொல்லவேண்டும்: "நான் தெற்குச் சித்திரை." யாராவது பார்வையில்லாத கிளெரிக்கை ஆடினால், சுற்றிலும் காவல் ஆவிகளைப் பரப்பும் ஸ்பிரிட் கார்டியன்ஸ் மந்திரத்தில் கவனம்: போடும்போது பார்க்கக்கூடியவர்களை மட்டுமே அதிலிருந்து விலக்கலாம். கூட்டாளிகள் 15 அடிக்கு வெளியே போகட்டும்.

உதவிக்கு ஒரு சின்ன விலங்கை வரவழைக்கும் ஃபைண்ட் ஃபெமிலியர் மந்திரத்தைக் கட்டாயம் எடுங்கள், அதில் வௌவாலை எடுங்கள். அதற்கு 60 அடிக்கு எதிரொலிப் பார்வை உண்டு. 100 அடிக்குள் இருக்கும்வரை மனதால் உங்களோடு பேசும்: யார் எங்கே, யார் நகர்ந்தார். தொட்டுச் செய்யும் மந்திரத்தை உங்களுக்குப் பதில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதன் புலன் வழியாகப் பார்ப்பதும் உண்டு, ஆனால் 2014 விதியில் அதற்கு உங்கள் ஆக்‌ஷன், அதாவது அந்த முறையில் செய்யக்கூடிய முக்கியச் செயல், முழுவதும் செலவு, அந்த நேரம் உங்கள் சொந்தக் காதும் கேட்காது. 2024 பதிப்பில் போனஸ் ஆக்‌ஷன் (கூடுதல் சிறு செயல்) போதும் என்பதால் அந்த முறையிலேயே மீதி ஆக்‌ஷனில் மேஜிக் மிஸ்ஸைலும் போடலாம் என்று வாதாட இடமுண்டு. டிஎம் ஒப்புக்கொள்கிறாரா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நான் பெரும்பாலும் வௌவாலைப் பேசவிட்டுக் கேட்பேன், அதுவே போதுமாக இருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஃபாக் கிளவுட். 20 அடிக்குப் பனிமூட்டம். அதற்குள் எதிரியும் உங்களைப் பார்க்க முடியாது, அதனால் அவன் அட்வான்டேஜும் உங்கள் டிஸ்அட்வான்டேஜும் அடிபட்டு, இரண்டு பக்கமும் ஒற்றைப் பகடைதான். அவனுடைய "பார்க்கக்கூடிய" மந்திரங்கள் எதுவும் உங்கள்மேல் வராது, கவுன்டர்ஸ்பெல் உட்பட. எங்கள் ரோகுக்கு இது அறவே பிடிக்காது, ஆகையால் போடுமுன் எல்லோரிடமும் சொல்லிவிடுவேன்.

இதே மாதிரியான இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பை ஆடுபவர்களுக்கு: அங்கே பார்க்க முடியாத, ஆனால் இடம் தெரிந்த எதிரியைக் குறிவைத்தால் 20 முகப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழவேண்டும், இல்லாவிட்டால் வீண். பரவும் மந்திரங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அங்கேயும் அவற்றின் பக்கமே சாயுங்கள்.

பகடை விஷயம். ஆறுமுகப் பகடையில் புள்ளிகள் குழியாக இருந்தால் விரலுக்குத் தெரியும். 20 முகப் பகடையின் எண்கள் விரலுக்குப் பிடிபடுவதில்லை, ஃபோனில் உருட்டி, திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கைப் படிக்கவிடுகிறேன். பேச்சியின் மந்திரப் புத்தகம் ஓலைச்சுவடி. எழுத்தாணிக் கீறலை விரலால் தடவிப் படிப்பாள்.

முதல் நிலை விசார்ட் புத்தகத்தில் ஆறு மந்திரம் எழுதலாம். என் பரிந்துரை பர்னிங் ஹேண்ட்ஸ், தண்டர்வேவ், ஸ்லீப், ஃபாக் கிளவுட், ஷீல்ட், ஃபைண்ட் ஃபெமிலியர். ஷீல்டுக்கு அடி படுவதே போதும், பார்வை வேண்டாம். கேன்ட்ரிப்பில் (எத்தனை தடவையும் போடக்கூடிய சின்ன மந்திரங்கள்) மெசேஜை விட்டுவிடாதீர்கள், 120 அடிக்குள் கூட்டாளியிடம் கிசுகிசுத்து "எங்க இருக்க?" என்று கேட்கலாம், பதிலும் வரும். மூன்றாம் நிலையில் ஷேட்டரும் பிளரும். உங்களைத் தாக்குபவனுக்கு இருக்கும் அட்வான்டேஜைப் பிளர் அடித்துவிடும். ஐந்தில் ஃபயர்பால். ஏழில் டைமென்ஷன் டோர்: "வடக்கே 200 அடி" என்று திசையும் தூரமும் சொன்னாலே போய்ச் சேரலாம், 500 அடி வரை. போகுமிடத்தில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் காயம்தான் மிச்சம், மந்திரமும் வீண். அதனால் வந்த வழியில் காலி என்று தெரிந்த இடத்தைச் சொல்லுங்கள்.