ஆன்லைன் சங்கக் கூட்டமும் மினிட்ஸும்: எங்கெல்லாம் சறுக்குகிறோம்

கொரோனாவுக்குப் பிறகு பல அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் கூட்டம் கார் பார்க்கிங்கிலிருந்து செல்போன் திரைக்கு ஏறிவிட்டது. வீட்டுச் சொந்தக்காரர்களில் சிலர் துபாயில், சிலர் சிங்கப்பூரில், சிலர் பெங்களூரில். பிளாஸ்டிக் நாற்காலி அடுக்க வேண்டாம், டீ சொல்ல வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மாலை லிங்க் அனுப்பினால் போதும். வசதிதான். ஆனால் மூன்று மாதம் கழித்து, "லிஃப்ட் கான்ட்ராக்டரை மாத்தலாம்னு எப்ப சார் முடிவு பண்ணீங்க?" என்று ஒருவர் கேட்பார். சங்கடம் அப்போதுதான் ஆரம்பிக்கும்.

நேரில் கூடும்போது யார் கை தூக்கினார், யார் கோபித்துக்கொண்டு எழுந்து போனார் என்பதைப் பத்துப் பேராவது கண்ணால் பார்த்திருப்பார்கள். திரையில் அப்படி இல்லை. ஒருவருக்கு நடுவில் நெட் போயிருக்கும். இன்னொருவர் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பார். ஆளுக்கு ஆள் பார்த்த கூட்டமே வேறு. நடந்ததற்கு மினிட்ஸ், அதாவது கூட்டத்தின் எழுத்துப் பதிவு, ஒன்றுதான் எல்லோருக்கும் பொதுவான சாட்சி.

குடியிருப்புச் சங்கத்தை வைத்துச் சொல்கிறேன். பழைய மாணவர் சங்கம், அறக்கட்டளை, திருப்பணிக் குழு எதற்கும் இதே கதைதான். இடையிடையே கம்பெனிச் சட்டத்தையும் துணைக்கு இழுப்பேன். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டமும், போர்டு (டைரக்டர்கள் குழு) கூட்டங்களுக்காக 2014-இல் வந்த விதிகளும் வீடியோ கூட்டத்தை எப்படி நடத்திப் பதிய வேண்டும் என்று விவரமாகச் சொல்கின்றன. அவை சங்கங்களுக்குச் செல்லாது, சங்கத்துக்கு அதன் பைலாதான், அதாவது சங்கம் தனக்கென எழுதி வைத்த விதிமுறைதான். ஆனாலும் நல்ல முன்மாதிரி. ஆன்லைனில் கூடி முடிவெடுக்க உங்கள் பைலாவில் இடம் இருக்கிறதா என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்த்துவிடுங்கள். இடமே இல்லையென்றால் எவ்வளவு அழகாக மினிட்ஸ் எழுதியும் புண்ணியமில்லை.

"அதான் ரெக்கார்டிங் இருக்கே!"

அடிக்கடி காதில் விழுவது இதுதான். ஒன்றரை மணி நேர ரெக்கார்டிங்கை யார் உட்கார்ந்து கேட்பார்? கேட்டாலும், ஏழு பேர் ஒரே நேரத்தில் பேசும் இருபதாவது நிமிடத்தில் என்ன முடிவானது என்று கண்டுபிடிக்க முடியாது. அந்த ரெக்கார்டிங் பெரும்பாலும் செயலாளரின் சொந்த ஜிமெயில் கணக்கிலோ லேப்டாப்பிலோ கிடக்கும். அடுத்த வருடம் செயலாளர் மாறினால் அதுவும் அவரோடு போய்விடும். மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் அமைப்பை மாற்றாமல் விட்டால் 120 நாளில் ரெக்கார்டிங் தானாகவே காலாவதியாகும்.

கம்பெனிகளுக்கான விதியைப் பாருங்கள்: போர்டின் வீடியோ கூட்டப் பதிவை அந்த ஆண்டின் தணிக்கை முடியும்வரையாவது பாதுகாக்க வேண்டும். மினிட்ஸையோ என்றென்றைக்கும் வைத்திருக்க வேண்டும். மினிட்ஸ் எழுதும்போது சந்தேகம் வந்தால் சரிபார்த்துக்கொள்ள ரெக்கார்டிங் உதவும், அவ்வளவுதான். ரெக்கார்ட் செய்யப்போகிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே எல்லோரிடமும் சொல்லுங்கள், சொன்னோம் என்பதையும் மினிட்ஸில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

"ரெட்மி நோட்" கலந்துகொண்டார்

கலந்துகொண்டவர்கள் பட்டியலைத் திரையிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டால் இதுதான் கிடைக்கும். ரெட்மி நோட், ஐஃபோன், 'அம்மா டேப்', வெறும் 'எஸ்'. ஒரே வீட்டிலிருந்து கணவர் ஒரு போனிலும் மனைவி ஒரு போனிலும் சேர்ந்திருப்பார்கள். தலையை எண்ணினால் 34, வீட்டை எண்ணினால் 27. கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச வருகை, எதை வைத்து? பைலா வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று சொல்லியிருந்தால் வீட்டைத்தான் எண்ண வேண்டும்.

கூட்டம் தொடங்கியதும் ஐந்து நிமிடம் ஒதுக்கி வீட்டு எண் வாரியாகப் பெயர் வாசிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பள்ளிக்கூட அட்டெண்டன்ஸ் மாதிரி இருக்கிறது என்று நாலு பேர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கம்பெனி டைரக்டர்களுக்கே இது உண்டு. ஒவ்வொருவரும் பெயரையும் எங்கிருந்து கலந்துகொள்கிறார் என்பதையும் சொல்லி, அஜெண்டா கைக்கு வந்ததையும், வேறு யாரும் அருகில் இருந்து கேட்கவில்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். நமக்கு அவ்வளவு வேண்டாம். "பி-204" என்பதுபோல வீட்டு எண்ணோடு பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதியைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தொடக்கத்தில் இருந்த கோரம் ஓட்டெடுப்பின்போதும் இருந்ததா? இலவச ஜூம் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் அறுந்துவிடும், திரும்ப லிங்க் அனுப்பினால் எல்லோரும் திரும்பி வருவதில்லை. பெயின்டிங் செலவு போன்ற பெரிய தீர்மானங்கள் அஜெண்டாவின் கடைசியில்தான் இருக்கும், அப்போது பார்த்தால் பதினைந்து பேர்கூட மிச்சமிருக்க மாட்டார்கள். ஓட்டெடுப்புக்கு முன்னால் இன்னொரு முறை எண்ணி, அந்த எண்ணிக்கையைத் தீர்மானத்துக்குக் கீழேயே எழுதுங்கள். யார் எத்தனை மணிக்கு வந்தார், எப்போது கிளம்பினார் என்ற குறிப்பும் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் உண்டென்றால் மணிக்குப் பக்கத்தில் 'இந்திய நேரம்' என்று சேர்த்துவிடுங்கள்.

மௌனம் சம்மதமா?

"யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?" என்று தலைவர் கேட்கிறார். மூன்று நொடி அமைதி. "சரி, அடுத்த பாயின்ட்." மினிட்ஸில் 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று ஏறிவிடுகிறது.

அந்த மூன்று நொடியில் என்ன நடந்திருக்கும்? எல்லோரும் மியூட்டில் இருக்கிறார்கள். ஆட்சேபிக்க நினைத்த பெரியவர் மைக் பட்டனைத் தேடிக்கொண்டிருக்கிறார். இன்னொருவருக்குக் கேள்வியே ஐந்து நொடி தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆன்லைன் கூட்டங்களில் பிறக்கும் தகராறுகளில் பாதிக்கு இந்த 'ஏகமனதாக' என்ற ஒரு சொல்தான் காரணம் என்பது என் கருத்து. நேரில் இருக்கும்போது முகத்தைப் பார்த்தே ஆட்சேபணையைத் தெரிந்துகொள்ளலாம். வீடியோவை அணைத்துவிட்டவரின் முகத்தில் எதைப் பார்ப்பது?

பேச்சு முடிந்ததும் மினிட்ஸ் எழுதுபவர், தீர்மானத்தின் வாசகத்தை அங்கேயே தட்டச்சு செய்து ஸ்கிரீன் ஷேரில் காட்ட வேண்டும். தலைவர் அதை வாய்விட்டு வாசிக்க வேண்டும். பிறகு செயலியின் ஓட்டெடுப்பு (poll) வசதியிலோ சாட்டிலோ வீட்டு எண்ணோடு 'ஆதரவு', 'எதிர்ப்பு', 'நடுநிலை' என்று பதில் வாங்க வேண்டும். கட்டைவிரல் இமோஜியை ஓட்டாக எண்ணாதீர்கள், அது சில நொடிகளில் மறைந்துபோகும். எதிர்த்தவர் தன் பெயர் பதிவாக வேண்டும் என்று கேட்டால் கட்டாயம் எழுதுங்கள். போர்டு கூட்டங்களில், ஒவ்வொரு அஜெண்டாவின் பேச்சு முடிந்ததும் எடுத்த முடிவின் சுருக்கத்தை எதிர்த்தவர் பெயரோடு தலைவர் அறிவிக்க வேண்டும் என்பது விதி. இரண்டு நிமிட வேலை அது. அடுத்த இரண்டு மாத வாட்ஸ்அப் சண்டையை மிச்சப்படுத்தும்.

குரல் விட்டுவிட்டுக் கேட்ட இடத்தை யூகத்தால் நிரப்புவதும் இதே வகைத் தவறுதான். "...தரை லட்சம்" என்று கேட்டது. ஐந்தரையா, பத்தொன்பதரையா? குரல் உடைந்தால் திரும்பச் சொல்லச் சொல்வது தலைவரின் கடமை என்று கம்பெனி விதியிலேயே இருக்கிறது. மினிட்ஸ் எழுதுபவரும் தயங்காமல், "சார், தொகையை இன்னொரு தடவை சொல்லுங்க, சாட்லயும் போட்டுடுங்க" என்று கேட்கலாம். அதனால்தான் தலைவரே குறிப்பும் எடுப்பது, ஹோஸ்ட் வேலையும் பார்ப்பது என்ற ஏற்பாடு சரிவராது. உள்ளே விடுவதற்கும் மியூட் போடுவதற்கும் ஒருவர், எழுதுவதற்கு வேறொருவர் வேண்டும்.

சாட்டில் போட்டவை

பேசக் கூச்சப்படுபவர்களும், பக்கத்தில் ஆள் தூங்குவதால் பேச முடியாதவர்களும் தங்கள் ஆட்சேபணையைச் சாட்டில் போடுவார்கள். அதை யாரும் வாசிப்பதில்லை, மினிட்ஸிலும் வராது. ஒவ்வொரு அஜெண்டாவும் முடியும்போது சாட்டை ஒருமுறை பார்த்து வாசித்துவிட்டு நகர்வது நல்லது. கூட்டத்தை மூடுவதற்கு முன்னால் சாட்டைச் சேமித்துக்கொள்ளுங்கள். ஆனால் சேமித்த கோப்பை அப்படியே குரூப்பில் போட்டுவிடாதீர்கள். உங்களுக்குத் தனியாக வந்த செய்திகளும் அதில் கலந்திருக்கக்கூடும். "அவர் பேச்ச எடுத்தா நிறுத்த மாட்டார்" என்று யாரோ உங்களுக்கு மட்டும் அனுப்பியது ஊருக்கே போகும்.

ஏஐ எழுதிக் கொடுத்ததை நம்புவது

இப்போது கூட்டத்துக்குள் ஒரு 'நோட்டேக்கர்', அதாவது பேச்சைக் கேட்டுக் குறிப்பெடுக்கும் ஏஐ மென்பொருள், தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. சில சமயம் அதைச் சேர்த்தவர்கூட வந்திருக்க மாட்டார், அது மட்டும் வந்திருக்கும். கூட்டம் முடிந்ததும் சுருக்கத்தைத் தானே எல்லோருக்கும் அனுப்பும் பழக்கமும் சிலவற்றுக்கு உண்டு. கேட்காமல் பதிவு செய்வது வெளிநாட்டில் வழக்குவரை போய்விட்டது. 2025 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் ஓட்டர் (Otter.ai) என்ற நோட்டேக்கர் நிறுவனத்தின் மீது இப்படி ஒரு வழக்குத் தொடரப்பட்டது. அனுமதி வாங்காத நோட்டேக்கரை வெளியேற்ற ஹோஸ்ட் தயங்க வேண்டியதில்லை.

அனுமதியோடு வைத்தாலும் நம் கூட்டத்தில் அது திணறும். பாதி தமிழ், பாதி ஆங்கிலம், நடுவில் குக்கர் விசில். "அம்பது", "ஒம்பது" குழம்பும். "வேணும்னா பாக்கலாம்" என்று ஒருவர் மழுப்பியதை, 'செய்வதாக ஒப்புக்கொண்டார்' என்று தெளிவான ஆங்கிலத்தில் எழுதி வைக்கும். ஒரே போனிலிருந்து அப்பாவும் மகளும் பேசினால் இரண்டையும் அப்பாவின் பெயரில் போடும். பார்ப்பதற்கு நேர்த்தியாக இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதுதான் பெரிய ஆபத்து. முதல் வரைவுக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். தொகை, தேதி, பெயர், ஓட்டு எண்ணிக்கை நான்கையும் உங்கள் கைக்குறிப்போடு ஒப்பிடாமல் வெளியே விடாதீர்கள்.

பேசியதை எல்லாம் எழுதுவது

"ஏ-102 உரிமையாளர், பொருளாளர் பணத்தைச் சாப்பிட்டுவிட்டார் என்று குற்றம்சாட்டினார். பொருளாளர் கடும் கோபத்துடன் மறுத்தார்." நாடக வசனம் நன்றாகத்தான் இருக்கிறது. பிடிஎஃப்பாக வாட்ஸ்அப்பில் போனால் அவதூறு வழக்குக்கு ஆதாரமாகவும் நன்றாக இருக்கும். ஒருவரை இழிவுபடுத்தக்கூடியது, சம்பந்தமில்லாதது, கம்பெனியின் நலனுக்குக் கேடானது என்று தலைவர் கருதுவதைச் சேர்க்கக் கூடாது என்கிறது கம்பெனிச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு. அதே விஷயத்தை, 'ஏப்ரல், மே மாதச் செலவுக் கணக்கு குறித்துக் கேள்வி எழுந்தது. ரசீதுகளை ஜூன் 10-க்குள் உறுப்பினர்களின் பார்வைக்கு வைப்பதாகப் பொருளாளர் தெரிவித்தார்' என்று எழுதினால் போதும். கேள்வி மறையவில்லை, கெடுவும் பதிவாகிவிட்டது.

தீர்மானம் இப்படி இருக்கலாம்: 'தீர்மானம் 3. ஏ பிளாக் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தை ஆண்டுக்கு ரூ. 1,38,000-க்கு (ஜிஎஸ்டி தனி), ஜூலை 1 முதல் ஓராண்டுக்குப் புதுப்பிக்கத் தீர்மானிக்கப்பட்டது. ஓட்டெடுப்பின்போது இருந்த வீடுகள் 27. ஆதரவு 21, எதிர்ப்பு 4, நடுநிலை 2. பொறுப்பு: செயலாளர். கெடு: ஜூன் 25.' முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று முடிக்காதீர்கள். யார் எடுப்பது?

அனுப்புவதில் நடக்கும் கூத்து

மினிட்ஸ் தாமதமானால் ஞாபகம் அதன் இடத்தை எடுத்துக்கொள்ளும். போர்டு கூட்டமென்றால் வரைவு 15 நாளுக்குள் டைரக்டர்களுக்குப் போக வேண்டும், அவர்கள் ஏழு நாளில் கருத்துச் சொல்லலாம், 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறிவிட வேண்டும். இருபது முப்பது வீடுள்ள சங்கத்துக்கு இரண்டு நாள் போதும். மேலே 'வரைவு' என்று பெரிதாகப் போட்டு, திருத்தம் சொல்லக் கடைசித் தேதி கொடுத்து அனுப்புங்கள். வராதவர்களுக்கும் கட்டாயம் அனுப்புங்கள், அவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை.

கூகுள் டாக் லிங்க்கை 'லிங்க் வைத்திருக்கும் எவரும் திருத்தலாம்' என்ற அமைப்பில் விட்டுவிடுவது இன்னொரு வழக்கமான தவறு. நள்ளிரவில் ஒருவர் ஒரு வரியை நாசூக்காக மாற்றிவிட்டுப் போவார். பார்வைக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், அல்லது பிடிஎஃப் அனுப்புங்கள். திருத்தம் தனிச்செய்தியாக எழுத்தில் வரட்டும்.

வந்த திருத்தத்தைச் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டுப் பழைய கோப்பை அழிப்பதும் கூடாது. உத்திரமேரூர் ஊர்ச்சபை, வாரியம் எனப்பட்ட தன் குழுக்களுக்கான தேர்தலுக்கு கி.பி. 919-இல் ஒரு விதி செய்தது. அதை 921-இல் திருத்தியது. பராந்தக சோழன் காலத்து அந்தச் சபையார் பழையதைச் செதுக்கி அழிக்கவில்லை, இரண்டு கல்வெட்டும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் இருக்கின்றன. பெருமக்கள் பணிக்க எழுதியவன் இன்னான் என்று எழுதியவரின் பெயர்கூடப் பொறித்திருக்கிறது. நம்முடைய எத்தனை மினிட்ஸில் எழுதியவர் பெயர் இருக்கிறது?

வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட்டால் போதும் என்ற நினைப்பும் வேண்டாம். மறுநாள் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் அது புதைந்துவிடும். வாடகைக்கு இருப்பவர்கள், முன்பு வீட்டை விற்றுவிட்டுப் போனவர்கள் எல்லோரும் அந்தக் குரூப்பில் இருப்பார்கள். மெயின்டெனன்ஸ் பாக்கி வைத்தவர்களின் பட்டியல், வாட்ச்மேனின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரம் இவற்றை மினிட்ஸோடு இணைத்து அங்கே போடவே கூடாது. மினிட்ஸை உறுப்பினர்களின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு, 'மெயில் பாருங்க' என்று குரூப்பில் ஒரு வரி போட்டால் சரி.

கடைசியாக, காகிதம். ஆன்லைனில் கூடினாலும் அடுத்த கூட்டத்தில் மினிட்ஸை வாசித்து ஒப்புதல் வாங்கி, மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றித் தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சங்கத்தின் வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுபவர்களை மாற்றப் போனால் வங்கியில் கேட்பது கையொப்பமிட்ட தீர்மான நகலைத்தான். ஜூம் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கோப்புகளைச் சங்கத்தின் பெயரில் தொடங்கிய மின்னஞ்சல் கணக்கின் டிரைவில் வையுங்கள். நிர்வாகம் மாறும் அன்றைக்கே புத்தகத்தையும் பாஸ்வேர்டையும் ஒன்றாகக் கைமாற்றி, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.