உயரம் பார்த்து வாங்கிய சர்ஃப் போர்டு

ஒன்பது காலைகள் வீண். கோட்டக்குப்பம் பக்கத்து செரினிட்டி பீச்சில் ஒரு அலைகூட என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. அடியில் வழுக்கிக்கொண்டு அது கரைக்குப் போய்விடும், நான் அதே இடத்தில் கிடப்பேன். முன்னால் நகர்ந்து படுத்தால் போர்டின் மூக்கு குத்தும். பின்னால் நகர்ந்தால் வால் அமிழும்.

வழுக்காமலிருக்க போர்டின் மேல் மெழுகைக் கூட்டிப் பூசினேன். மொட்டை மாடியில் பாய் விரித்து எழுந்து நிற்கப் பழகினேன். தோள்வலிதான் மிச்சம்.

போர்டு 6 அடி 2 அங்குலம், பழையது, பாதி விலை. என் உயரம் 5 அடி 9. ஆளைவிட நீளம், போதும் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

பத்தாம் நாள், அங்கே கற்றுக்கொடுக்கும் தம்பி ஒருவன் சொன்னான்: "அண்ணே, கையால தண்ணியத் தள்ளாம சும்மா படுங்க." படுத்தேன். போர்டு முழுக்கத் தண்ணீருக்குள், நெஞ்சுவரை நனைந்தது. பிறகு போர்டைக் கவிழ்த்து, ஃபின்னுக்கு (அடியில் வால்பக்கம் இருக்கும் துடுப்பு) மேலே பென்சிலில் இருந்த '32'-ஐக் காட்டினான். ஏதோ வரிசை எண் என்றல்லவா நினைத்திருந்தேன்! அது லிட்டர் கணக்கில் கன அளவு.

கடல்நீரில் ஒரு லிட்டர் கன அளவு ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதலாகத் தாங்கும். நான் 84 கிலோ. தேர்ந்தவர்கள் 32 லிட்டரில் சமாளிப்பார்கள். புதியவருக்குத் தன் எடை அளவுக்காவது லிட்டர் வேண்டும்.

மறுநாள் 8 அடி, 86 லிட்டர் ஃபோம் போர்டை வாடகைக்கு எடுத்தேன். சும்மா படுத்தபோது முன்போல் அமிழாமல் மிதந்தது. மூன்றாவது அலையில் எழுந்து நின்றுவிட்டேன். இதை ஸ்கூட்டரில் கொண்டுபோவதுதான் இப்போது பாடு.