பாலிஷர் வாங்கும் முன் கிரைண்டரைக் கீழே வையுங்கள்

போன வாரம் ராணிப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி வந்தான். வாட்டர் வாஷ் கடை வைத்திருக்கிறான், இனி கார் பாலிஷும் போடப் போகிறானாம். பையைத் திறந்து ஒரு கிரைண்டரை எடுத்து வைத்தான். வெல்டிங் பட்டறையில் இரும்பு அறுக்கிற அதே 4 இஞ்ச் கிரைண்டர். முனையில் ஒரு வெல்க்ரோ தட்டு, அதில் மஞ்சள் ஸ்பாஞ்சு பேடு. "அண்ணா, இதுக்கு எந்த கம்பவுண்டு நல்லா இருக்கும்?" என்றான், பாலிஷ் பேஸ்டைத்தான் கேட்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 14 வருடத்துக்கு முன் வேலூர் சத்துவாச்சாரியில் நானும் இதே பொருளோடு நின்றவன்தான்.

காரைக் கழுவாமல் பாலிஷ் போடாதே, மண்ணில் விழுந்த பேடை அப்படியே மாட்டாதே என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதுகூடத் தெரியாதவர் மெஷின் பக்கமே போக வேண்டாம்.

கிரைண்டரைப் பாலிஷர் ஆக்குவது

இந்த ஒன்றைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான். ரோட்டரி பாலிஷரும் கிரைண்டரும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரண்டிலும் தட்டு ஒரே அச்சில்தான் சுற்றும். வித்தியாசம் வேகத்தில். ரோட்டரியை நிமிடத்துக்குச் சுமார் 600 முதல் 3,000 சுற்று வரை வைத்துக்கொள்ளலாம். நாங்கள் பெரும்பாலும் ஓட்டுவது 1,000–1,500க்குள். சாதாரண கிரைண்டருக்கு ஒரே வேகம், கிட்டத்தட்ட 11,000.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 இஞ்ச் பேடு 1,200 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 29 கி.மீ. வேகத்தில் பெயின்டைத் தேய்க்கிறது. ஊருக்குள் டவுன் பஸ் போகிற வேகம். 4 இஞ்ச் பேடை 11,000 சுற்றில் விட்டால் 200 கி.மீ.யைத் தாண்டும். பெங்களூர் ஹைவேயில்கூட அப்படி யாரும் போவதில்லை.

அந்த வேகத்தில் எழும் சூட்டைத் தாங்க வேண்டிய கிளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சு, பெரும்பாலான கார்களில் 40–50 மைக்ரான்தான். தலைமுடி அளவு தடிமன்கூட இல்லை. பானட்டில் தகடு கொஞ்சம் சூட்டை வாங்கிப் பரப்பிவிடும். பிளாஸ்டிக் பம்பரில் அது போக இடமில்லாமல் அங்கேயே தங்கும். ஓரங்களிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயின்டே மெல்லிசு, பேடின் அழுத்தமும் அங்கேதான் குவியும்.

என் கையால் போனது குடியாத்தத்துக்காரர் ஒருவரின் கறுப்பு கார். பானட் கண்ணாடி மாதிரி வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே வேகத்தில் ஃபெண்டர் மடிப்புக்குப் போனேன். இரண்டு நொடி இருக்கும், கறுப்புக்குள்ளிருந்து அடிப்பூச்சான சாம்பல் நிற பிரைமர் எட்டிப் பார்த்தது. நகம் அளவுதான். நகம் அளவுக்கு மட்டும் பெயின்ட் அடிக்க முடியுமா? ஃபெண்டர் முழுக்க அடித்து, நிறம் ஒட்டிவர வேண்டுமென்று கதவு வரை இழுத்தோம். அந்த மாதச் சம்பாத்தியம் பெயின்டர் கைக்குப் போனது. கார்க்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பேசிய பாலிஷ் காசைக் கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

"ரெகுலேட்டர் போட்டு ஸ்பீடைக் குறைச்சுக்கலாம்ல அண்ணா?" என்றான் தம்பி. எல்லோரும் கேட்பதுதான். ஃபேன் டிம்மர் போட்டால் வேகத்தோடு இழுவையும் போய்விடும். அழுத்தினால் திணறும், தூக்கினால் சீறும். நல்ல ரோட்டரியில் அழுத்தினாலும் வேகம் இறங்காமல் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கொள்ளும். வேகம் மாற்றுகிற கிரைண்டரும் கிடைக்கிறதே என்பீர்கள். அதன் குறைந்த வேகமே பெரும்பாலும் 2,800 பக்கம். ரோட்டரி முடிகிற இடத்தில் அது ஆரம்பிக்கிறது.

ரோட்டரியையே முதல் மெஷினாக வாங்குவது

கடை டியூப்லைட்டில் பிரமாதமாக இருக்கும். காரை வெயிலில் நிறுத்தினால் பானட்டில் எண்ணெய் படர்ந்தது போல அலையலையாகப் பேடு சுற்றிய தடம் தெரியும், அதுதான் ஹோலோகிராம். சில சமயம் கம்பவுண்டின் எண்ணெய் அதை மறைத்து வைத்து, இரண்டு வாஷ் கழித்துக் காட்டிக்கொடுக்கும். ஐசோப்ரோபில் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், அப்போதே தெரிந்துவிடும். கை பழகும்வரை டி.ஏ. என்று சொல்கிற டூயல் ஆக்‌ஷன் போதும். பெயின்டர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

"நின்னுபோகுது" என்று டி.ஏ.வைத் திட்டுவது

டூயல் ஆக்‌ஷனில் பேடு தள்ளாடிக்கொண்டே சுற்றும். அதிகமாக அழுத்தினாலோ வளைவில் சாய்த்துப் பிடித்தாலோ சுழற்சி நின்று அதிர்வு மட்டும் இருக்கும். அது கோளாறு இல்லை, உங்களைக் காப்பாற்றுகிற குணம். தட்டின் பக்கவாட்டில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். சுற்றுகிறதா இல்லையா என்று அது சொல்லும். கியர் வைத்து நிற்காமல் ஓடுகிற டி.ஏ.வும் உண்டு. நன்றாக வெட்டும், சூடும் கூடும். அதை அடுத்த மெஷினாக வைத்துக்கொள்ளலாம்.

பெரிய த்ரோதான் நல்லது என்று நம்புவது

த்ரோ என்றால் பேடு தள்ளாடுகிற வட்டத்தின் அகலம். 21 எம்.எம். பெரிய வேனின் பானட்டுக்குச் சரி. நம் ஊர் ஹேட்ச்பேக்கில் பில்லர், மிரர், பம்பர் வளைவு என்று பாதி இடத்தில் தடுமாறும். 15 எம்.எம்., 5 இஞ்ச் தட்டு. சந்துபொந்துக்கு அப்புறம் 3 இஞ்ச் ஒன்று.

வாட்ஸ் பார்த்து வாங்குவது

விற்பவருக்குப் பிடித்த எண். விடுங்கள்.

அக்னி நட்சத்திர மதியத்தில் வெளியே பாலிஷ் போடுவது

பானட்டில் கை வைக்க முடியவில்லை என்றால் பேடும் வைக்காதீர்கள்.

கஸ்டமர் காரில் பழகுவது

காயலான் கடையில் ஒரு பழைய பானட் கிடைக்கும். அதில் ஓட்டை விழும் வரை தேயுங்கள்.

தம்பிக்கு என்னிடம் சும்மா கிடந்த பானட் ஒன்றையே கொடுத்தேன், கூடவே என் பழைய 15 எம்.எம். மெஷினையும். இரண்டையும் பைக்கில் எப்படிக் கட்டுவது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கிரைண்டரை என் மேசையிலேயே வைத்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடிக்கப் போனான்.